தர்மகுலசிங்கத்தின் இடது கை

2023 ஒக்டோபர் 10, செவ்வாய்

நேற்று மத்தியானம் தர்மகுலசிங்கத்தின் இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. வலி எனக்கு.

ஆஸ்பத்திரியில் இந்தக் கொப்பியைத் தந்து, ஒவ்வொரு நாளும் வலி எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுதச் சொன்னார்கள். அட்டையில் "தர்மகுலசிங்கம், 53 வயது" என்று தாதி எழுதிவிட்டார். என் பெயர் நகுலேந்திரன். வயது முப்பத்தாறு. பாரிஸுக்கு வந்து நாலு வருடம். அகதி விண்ணப்பத்தை இரண்டு தரம் நிராகரித்துவிட்டார்கள். விசா இல்லாதவனுக்கு வேலை இல்லை என்பதால், மூன்று வருடமாகத் தர்மகுலசிங்கம் என்ற தர்மண்ணையின் வதிவிட அட்டையில் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறேன். அவர் எங்கள் ஊர் நெல்லியடிக்காரர். வேலை எனக்கு, பென்சன் அவருக்கு. நான் கழுவுகிற ஒவ்வொரு சட்டியும் அவருடைய முதுமைக்குப் போய்ச் சேருகிறது.

அட்டைப் படத்தில் இருப்பவருக்கு மொட்டைத் தலை, பெரிய மீசை. எனக்கு இரண்டும் இல்லை. முதலாளி மொரிஸ் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. நேற்று மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது காதருகே வந்து, "அங்கே பெயர் கேட்பார்கள், யோசித்துச் சொல்" என்றார்.

யோசித்துத்தான் சொன்னேன். உணவகத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தது வேலையிடத்து விபத்து, காப்புறுதி முழுவதையும் கட்டும். ஆறு கிழமை ஓய்வு.

வலி: 7.

ஒக்டோபர் 11, புதன்

ஓய்வுக் கடிதத்தைத் தர்மண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் மனைவி மலரக்காவும் பாரிஸுக்கு வெளியே பொபினியில் ஆறாம் மாடியில் இருக்கிறார்கள். வீட்டிலேயே ரோல்ஸ், பற்றிஸ் என்று பலகாரம் செய்து விசேஷங்களுக்குக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். அரசாங்கத்துக்கு அது தெரியாது.

கடிதத்தைப் பாதி வாசித்ததும் அவர் முகம் மாறியது.

"தம்பி, இதிலை என்ன போட்டிருக்கு தெரியுமோ? காலமை ஒன்பதிலை இருந்து பதினொண்டு, பின்னேரம் ரெண்டிலை இருந்து நாலு, நான் வீட்டிலை இருக்கவேணுமாம். செக் பண்ண டொக்டரை அனுப்புவாங்களாம்."

"நீங்கள் வீட்டிலைதானே அண்ணை நிக்கிறியள்?"

"நிக்கிறன். கை முறிஞ்சே நிக்கிறன்?"

மலரக்கா மாவைப் பிசைந்தபடியே சொன்னார்: "நீங்கள் முறிக்கத் தேவையில்லை. கட்டினால் காணும்."

ஒக்டோபர் 12, வியாழன்

நான் இனி அவர்கள் வீட்டில். டொக்டர் வந்தால் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முறிந்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மலரக்காவின் முடிவு. வரவேற்பறை சோபா எனக்கு. முந்தி இருந்த அறையில் நாங்கள் ஐந்து பேர். இங்கே சோபாவில் நான் ஒருவனே. வசதியாகத்தான் இருக்கிறது.

வலி: 5.

ஒக்டோபர் 14, சனி

தர்மண்ணைக்குப் பிளாஸ்டர் போட்டோம். பார்மசித் துணிச்சுருளை வாங்கி, கோதுமைமாப் பசையில் தோய்த்து, மலரக்கா அவருடைய இடது கையில் சுற்றினார். மாதிரிக்கு என் கையைப் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தேன். "மெலிஞ்ச கை மாதிரி இருக்கு, இன்னும் கொஞ்சம் சுத்தும்" என்று அண்ணை சொல்லச் சொல்ல அது முழங்கை வரை போய்விட்டது.

காய்ந்ததும் அதை உறை மாதிரிக் கழற்றி மாட்டலாம் என்று கண்டுபிடித்தோம். ரோல்ஸ் சுற்றும்போது கழற்றி, கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவி வைக்கிறார்.

ஒக்டோபர் 15, ஞாயிறு

ஊரிலிருந்து மனைவி சுகிர்தா வீடியோவில் வந்தாள். கை தெரியாமல் போனைப் பிடித்தேன். அவளுக்கு ஏன் வீண் யோசனை.

ஒக்டோபர் 19, வியாழன்

ஒருவரும் வரவில்லை. தர்மண்ணைக்கு வீட்டுச் சிறை பிடிக்கவில்லை. ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் போக முடியவில்லையாம். அவர்தான் செயலாளர்.

"உன்ரை கையாலை என்ரை கால் கட்டுப்பட்டுப் போச்சு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, ஏன் கேட்டேன் என்று யோசித்தேன். விழுந்தது நான். ஆனால் அவருடைய கையில் விழுந்திருக்கிறேன். அதனால் கேட்டது சரிதான்.

ஒக்டோபர் 22, ஞாயிறு

பல் வலி. இரண்டு வருடமாக வருவதும் போவதும்தான். தர்மண்ணையின் காப்புறுதி அட்டையில் போய்க் காட்டவும் முடியாது. அந்தப் பல்லை அவர் எப்போதோ பிடுங்கிவிட்டார், பதிவில் இருக்கிறது. இல்லாத பல்லுக்கு எப்படி வலிக்கிறது என்று பல் வைத்தியர் கேட்பார்.

விசா இல்லாதவர்களுக்கும் மருத்துவ அட்டை ஒன்று உண்டு என்று வேலையிடத்தில் ஒரு மாலி நாட்டுக்காரன் சொல்லியிருந்தான். அண்ணையிடம் அப்போதே கேட்டேன். "பேரையும் விலாசத்தையும் நீயே கொண்டுபோய்க் குடுக்கப்போறியோ? பிடிச்சு ஊருக்கு ஏத்திப்போடுவாங்கள்" என்றார். இருபத்தெட்டு வருடம் இங்கே இருக்கிறவர். அவருக்குத் தெரியாததா.

கராம்பு வைத்தேன்.

ஒக்டோபர் 27, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நாளைக்கு ஒரு பிள்ளைக்குச் சாமத்தியவீடு, மஞ்சள் நீராட்டு. முந்நூறு ரோல்ஸ். காலையிலிருந்து மூவரும் குசினியில். எனக்கு ஒரு கை வேலை: பாண்தூளில் உருட்டுவது. தர்மண்ணை சுற்ற, மலரக்கா பொரித்தார். மாப் பிளாஸ்டரில் நேற்றுப் பருப்புக் கறி பட்டுவிட்டதால் கழுவி, ஹீட்டரின் மேல் காயப் போட்டிருந்தோம்.

இரண்டே முக்காலுக்கு மணி அடித்தது.

மலரக்கா கதவுத் துவாரத்தில் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "வெள்ளைக்காரன். கையிலை பாக்."

அண்ணை ஹீட்டருக்குப் பாய்ந்தார். பிளாஸ்டர் பொன்னிறமாகி, நன்றாக உப்பி, பாணாகியிருந்தது. கையை விட்டதும் இரண்டாகப் பிளந்தது. நல்ல வாசம் வேறு.

மணி மறுபடி அடித்தது. அண்ணை தன் அட்டைகளை என் சட்டைப் பையில் திணித்தார்.

"நீ போ!"

"நானோ?"

"உனக்குத்தானே முறிஞ்சிருக்கு! மூண்டு வருசமா நீதானே நான்! போ!"

கதவைத் திறந்தேன். பரிசோதனை டொக்டர் மெலிந்த மனிதர், மூக்குச் சளி. மிஸ்யூ தர்மகுலசிங்கமா என்று கேட்டார். ஆம் என்றேன். அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மீசை?"

"எடுத்துவிட்டேன்."

"தலைமுடி?"

"வந்துவிட்டது."

அவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு, "ஐம்பத்து மூன்று வயது. பிரான்ஸ் உங்களுக்கு நன்றாக ஒத்துப்போயிருக்கிறது" என்றார். சளி சிந்தினார். கையைக் காட்டச் சொன்னார்.

கை உண்மையான கை, பிளாஸ்டர் உண்மையான பிளாஸ்டர். விரல்களை அசைக்கச் சொன்னார், அசைத்தேன். முதல் தடவையாக நான் பொய் சொல்லாத இடம் அது. அதில் மட்டும் தைரியமாக நின்றேன்.

அப்போது மலரக்கா பிளேட்டில் நாலு ரோல்ஸுடன் வந்தார். விருந்தாளிக்குக் கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது.

"உங்கள் மனைவியா?" என்று டொக்டர் கேட்டார்.

மலரக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஆம் என்றேன். அவர் மலரக்காவிடம், கணவருக்கு நித்திரை வருகிறதா, வலியில் புலம்புகிறாரா என்று கேட்டார்.

"தம்பி பாவம், சோபாவிலை கிடக்கிறார்" என்றார் அக்கா, தமிழில். நான் பிரெஞ்சில், "நன்றாகத் தூங்குவதாகச் சொல்கிறாள்" என்றேன்.

"குசினியில் இருப்பவர் யார்?"

எனக்கு வேறு பெயர் ஒன்றும் வரவில்லை.

"நகுலேந்திரன்" என்றேன். "தெரிந்தவர்."

இது அண்ணைக்குக் கேட்டிருக்கிறது. தான் இப்போது விசா இல்லாத ஆள் என்று அந்த நொடியில்தான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பதிவு செய்யாத தொழில் வேறு அடுப்பில் கொதிக்கிறது. எல்லாவற்றையும் மறைக்கப் போய், எண்ணெய்த் தாச்சியை ஒரு கையால் இழுத்திருக்கிறார்.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

டொக்டர் எனக்கு முன்னால் ஓடினார். அண்ணையின் வலது கை, மணிக்கட்டு முதல் விரல் வரை வெந்திருந்தது. குழாயைத் திறந்து கையைப் பிடித்துவிட்டு, கால் மணி நேரம் எடுக்கக் கூடாது என்றார். அடுப்பை அணைத்தார். முந்நூறு ரோல்ஸையும் பார்த்தார், எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அவர் அதற்கு வந்தவரல்ல.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் காப்புறுதி அட்டை எங்கே?"

அட்டை டொக்டரின் கையிலேயே இருந்தது. அதில் என் கை முறிந்திருந்தது.

"இல்லை" என்றார் தர்மண்ணை.

"வதிவிட அட்டை?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இல்லை. எனக்கு ஒண்டும் இல்லை."

டொக்டர் ஒரு கடிதம் எழுதினார். "மிஸ்யூ நகுலேந்திரன், தீக்காயம்." என்னிடம் அட்டையைத் திருப்பித் தந்து, "நீங்கள் ஓய்வெடுங்கள், உங்களுக்குக் கை முறிந்திருக்கிறது" என்றார். போகும்போது மலரக்கா கொடுத்த ரோல்ஸை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

ஒக்டோபர் 28, சனி

நேற்றைய மிச்சம்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் பிறந்த திகதி கேட்டார்கள். அண்ணைக்கு என் பிறந்த திகதி தெரியாது. பின்னால் நின்று மெதுவாகச் சொன்னேன். எழுதிய பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"எண்பத்தேழிலா பிறந்தீர்கள்?"

"வாழ்க்கை கஷ்டம்" என்றார் அண்ணை. அவர் இங்கே வந்து பேசிய பிரெஞ்சில் இதுதான் சிறந்த வசனம்.

மருந்து போட்டார்கள். நல்லவிதமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் காப்புறுதி இல்லை என்று சொல்கிற இடமெல்லாம் அவரை இன்னொரு கதிரையில் இருத்தினார்கள். இன்னொரு படிவம், இன்னொரு கதிரை. பக்கத்தில் ஓர் அல்ஜீரியக் கிழவர், ஒரு கர்ப்பிணி. மூன்றாவது கதிரையில் அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருபத்தெட்டு வருசம் வரி கட்டினவன் நான்!" என்று தமிழில் சொன்னார்.

கடைசி மூன்று வருடம் கட்டியது நான் என்று சொல்ல நினைத்தேன். அவர் கையைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

"தொண்ணூத்தைஞ்சிலை வந்து பதினொரு வருசம் விசா இல்லாமல் நிண்டனான்" என்றார் கொஞ்சம் கழித்து. "மறந்துபோனன்."

கடைசியாகச் சமூக சேவகி ஒருத்தி வந்தாள். சின்னப் பெண். விசா இல்லாதவர்களுக்கான மருத்துவ அட்டைக்கு ஏன் இவ்வளவு காலம் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டாள். கடவுச்சீட்டு, படம், இங்கே இருப்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். பொலிஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒருவரும் பிடிக்கமாட்டார்கள் என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அண்ணை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தெரியாதடா எனக்கு" என்றார். "நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

வீட்டுக்கு வந்து அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன். எனக்கு ஒரு கை, அவருக்கு ஒரு கை. மூடியைத் திறக்க இரண்டு பேரும் தேவைப்பட்டோம்.

சாமத்தியவீட்டுக்கு ரோல்ஸ் போய்விட்டது. மலரக்கா தனியே பொரித்தார்.

நவம்பர் 5, ஞாயிறு

சுகிர்தா கேட்டாள்: "ரெண்டு மூண்டு கிழமையா ஏன் முகத்திலை பாதியை மட்டும் காட்டுறியள்? மற்றப் பாதியிலை ஆர் இருக்கினம்?"

கையைக் காட்டினேன். அழுதாள், பிறகு ஏசினாள். ஏச்சு நல்லாயிருந்தது.

நவம்பர் 9, வியாழன்

மருத்துவ அட்டைக்குச் சாட்சிக் கடிதம். "நகுலேந்திரன் என் வீட்டில் வசிக்கிறார்" என்று வீட்டுக்காரர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அண்ணையின் வலது கையில் இன்னும் கட்டு இருக்கிறது. அவருடைய கையொப்பத்தை மூன்று வருடமாகச் சம்பளத் தாளில் போடுவது நான்தான், அவரைவிட நன்றாகவே போடுவேன். பேனாவை எடுத்தேன்.

"வை அதை" என்றார். "இதை நான்தான் போடவேணும்."

இடது கையால் போட்டார். பத்து நிமிடம் எடுத்தது. கோழி கிளறியது மாதிரி இருந்தது. பக்கத்தில் பழைய கையொப்பத்தை வைத்துப் பார்த்தால், இதுதான் கள்ளக் கையொப்பம் என்று எவரும் சொல்வார்கள்.

நவம்பர் 20, திங்கள்

எனக்குப் பிளாஸ்டர் வெட்டும் நாள். அண்ணைக்குக் காயம் பார்க்கும் நாள். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மண்டபம், அரை மணி நேர வித்தியாசம். வேறு நாள் கேட்டோம், கிடைக்கவில்லை.

வீட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டு போனோம். "தர்மகுலசிங்கம்" என்றால் நான் எழும்ப வேண்டும். "நகுலேந்திரன்" என்றால் அவர். மலரக்கா நாலைந்து தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணை ஒவ்வொரு தரமும் பிழைவிட்டார். ஆளுக்கொரு மூலையில், ஒருவரையொருவர் தெரியாதவர் மாதிரி இருப்பது என்று முடிவு.

தாதி ஐம்பது வயதுப் பெண், மார்ட்டினிக் தீவுக்காரி. கோப்பைப் பார்த்து மிகவும் கஷ்டப்பட்டு வாசித்தார்: "மிஸ்யூ தார்மா... கூலா... சாங்காம்."

இரண்டு மூலையிலும் இரண்டு பேர் எழும்பினோம்.

அண்ணை உடனே கதிரையில் இருந்தார். அவர் இருந்ததைப் பார்த்து நானும் இருந்துவிட்டேன். பிறகு இருவரும் மறுபடி எழும்பினோம். மண்டபத்தில் இருந்த எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

தாதி கோப்பைப் பார்த்தார். இடது மணிக்கட்டு முறிவு. அண்ணையின் வலது கைக் கட்டைப் பார்த்தார். என் இடது கைப் பிளாஸ்டரைப் பார்த்தார். அடுத்த கோப்பை எடுத்துத் திறந்தார். நகுலேந்திரன், 36, வலது கை, தீக்காயம். அண்ணையின் மொட்டைத் தலையைப் பார்த்தார்.

வாசலில் காவலாளி ஒருவர் நின்றார். சுகிர்தாவின் ஏச்சு ஞாபகம் வந்தது. ஊரில் கட்டுகிற வீட்டுக்கு எட்டு மாதமாகக் கூரை போடாமல் இருப்பது ஞாபகம் வந்தது. விமான நிலையம் ஞாபகம் வந்தது.

"கேளுங்கள்" என்றார் தாதி, சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. "எனக்குப் பதினொரு மணிக்குள் பதினான்கு பேர். பிளாஸ்டர் யாரிடம் இருக்கிறதோ அவர் என்னுடன் வரட்டும். வெந்த கை இருப்பவர் இரண்டாம் கதவு. பெயரை நான் வெட்டுவதில்லை."

உள்ளே மின்வாளால் வெட்டினார். கை மெலிந்து, வெளிறி, யாருடையதோ மாதிரி வெளியே வந்தது. அதைக் கழுவித் துடைத்துவிட்டார். கோப்பைப் பார்க்காமலே கேட்டார்: "உங்கள் சொந்தப் பெயர் எது?"

சொன்னேன். மூன்று வருடத்தில் இந்த நாட்டுக்காரர் ஒருவரிடம் முதல் தடவை.

"அது இதைவிட வாசிக்கச் சுகம்" என்றார். "பதினாலாம் அறையில் சமூக சேவகி இருக்கிறாள், பன்னிரண்டு மணி வரை. உங்கள் முகத்துடன் போங்கள்."

போனேன். அதே சின்னப் பெண். பையில் கொண்டுவந்திருந்த சாட்சிக் கடிதத்தையும் கடவுச்சீட்டையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "போன தடவை வந்தவர்..." என்று தொடங்கினாள்.

"அவருக்கு இப்போது சுகம்" என்றேன்.

அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். படிவத்தை நீட்டினாள். கீழே கையொப்பம் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், தர்மகுலசிங்கம் என்று போட்டிருந்தேன். அவள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று தந்தாள். அதில் மெதுவாக, எழுத்துக் கூட்டிப் போட்டேன்.

டிசெம்பர் 4, திங்கள்

கூட்டித் தந்த இரண்டு கிழமை ஓய்வும் முடிந்து வேலைக்குத் திரும்பினேன், பழைய பெயரில். மொரிஸ் தரையில் ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறார். "கை எப்படி, தர்மா?" என்றார். நல்லாயிருக்கிறது என்றேன். இரண்டு பேருக்கும் நல்லாயிருக்கிறது.

சோபாவை விட்டுப் போக வேண்டாம் என்று மலரக்கா சொல்லிவிட்டார்.

2024 ஜனவரி 17, புதன்

மருத்துவ அட்டை பற்றிக் கடிதம் ஒன்றும் வரவில்லை. காப்புறுதி அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். டிசெம்பரிலேயே அனுப்பினார்களாம், "இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை" என்று திரும்பிவிட்டதாம். கீழே தபால் பெட்டியில் தர்மண்ணையின் பெயர் மட்டுமே இருக்கிறது. தபால்காரர் என்ன செய்வார்.

அண்ணை கேட்டதும் சாறத்துடனேயே கீழே இறங்கினார். லிப்ட் பழுது. ஆறு மாடி. பெட்டியில் தன் பெயருக்குக் கீழே கறுப்பு மையால் என் பெயரை எழுதினார். கை இன்னும் சரியாக மடங்காததால் கடைசி எழுத்து ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. மேலே டேப் ஒட்டினார். ஒட்டிவிட்டு, எதிர்ப் பெட்டிக்காரி பார்ப்பதைக் கவனித்து, "இவர் எங்கடை வீட்டு ஆள்" என்று பிரெஞ்சும் தமிழும் கலந்து அறிவித்தார்.

ஜனவரி 30, செவ்வாய்

மலரக்கா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். "உமக்குத்தான்" என்று கடிதத்தை நீட்டினார். பிரிக்கவில்லை. பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள், ஓர் எழுத்தும் பிழையில்லை.

அட்டை தயாராம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வர வேண்டுமாம். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: நானே நேரில் வர வேண்டும், எனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியாது.

மொரிஸிடம் லீவு கேட்டுவிட்டேன். பல் வைத்தியரின் விலாசமும் எடுத்து வைத்திருக்கிறேன். நீலச் சேர்ட்டை அயர்ன் பண்ணி, கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவியாகிவிட்டது. இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று மலரக்கா சொல்லிச் சிரிக்கிறார். இருக்கட்டும்.